எட்டு மங்கிய தராசு: இலக்கங்காட்டிகளின் இயக்கிச் சுற்றும் மின்விரயமும்

புதுவைக்குத் தெற்கே தவளக்குப்பத்தை அடுத்துள்ள அபிஷேகப்பாக்கத்தில், பொழுது புலருமுன் பால் ஊற்ற வருவோர், தூக்கையும் கேனையும் மின்தராசின் மீது வைத்துவிட்டு, அதன் முகப்பில் சிவப்பாகத் துலங்கும் இலக்கங்களை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. அன்றைய வரும்படிக்கு அவ்விலக்கங்களே சாட்சி. மின்வெட்டு நேர்ந்த ஒரு மார்கழி விடியலில், பாட்டரி தளர்ந்திருந்த அத்தராசில் ‘ஒன்று’ தெளிவாக ஒளிர, அதனருகே ‘எட்டு’ மட்டும் மங்கிக் கிடந்தது. “எட்டா, சைபரா? நல்லாப் பாத்துச் சொல்லு தம்பி” என்று மூதாட்டி ஒருவர் கணக்கெழுதுபவரைக் கேட்டார். ஒரே பாட்டரியில் எரியும் இரண்டு இலக்கங்களில் ஒன்று தெளிந்தும் மற்றொன்று மங்கியும் நின்ற அக்காட்சியே இக்கட்டுரைக்குக் காரணம்.

இலக்கங்காட்டியின் மின்செலவைக் குறைக்க ஒளிரும் பொருளை மாற்றினால் போதும் என்பது பொதுவான அபிப்பிராயம். அப்பொருளுக்கு மின்சாரத்தை ஊட்டுகின்ற முறையே, அதாவது இயக்கிச் சுற்றே, விரயத்தின் பிரதான ஸ்தானம் என்பது என் கட்சி.

மேற்படி தராசையே எடுத்துக்கொள்வோம். ஒவ்வோர் இலக்கமும் ஏழு எல்.இ.டி. கீற்றுகளால் ஆனது. கீற்றுக்கு 10 மில்லி ஆம்பியர் எனக் கொண்டால், ஆறு இலக்கங்களும் எட்டாக நிற்கையில் 420 மில்லி ஆம்பியர் செலவாகும். எதிர்ப்பக்கத்திலும் ஒரு முகப்பு இருப்பின் 840. 4.5 ஆம்பியர்-மணி கொண்ட 6 வோல்ட் பாட்டரி, இந்தச் செலவுக்கு ஐந்தரை மணி நேரம்கூடத் தாங்காது. அதிலும் சிவப்புக் கீற்று ஏற்பது சுமார் 2 வோல்ட்டே. மிச்சமுள்ள 4 வோல்ட், அதாவது செலவிடும் சக்தியில் மூன்றில் இரண்டு பங்கு, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் மின்தடையிலும் டிரான்சிஸ்டரிலும் வெப்பமாகக் கழிந்துபோகிறது. கண்ணுக்கு எட்டாத இந்த வெப்பத்துக்கே பால்காரர் பாட்டரி வாங்குகிறார்.

இலக்கங்களை ஒன்றன்பின் ஒன்றாக, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில், முறைவைத்து எரிப்பதே சிக்கனம் என்பாரும் உளர். நேரடியாக இணைத்தால் 42 கம்பிகள் வேண்டும். முறைவைத்தால் ஏழும் ஆறுமாகப் பதின்மூன்று போதும். ஆயினும் ஆறில் ஒரு பங்கு நேரமே எரியும் இலக்கம் அதே பிரகாசத்துடன் தோன்ற ஏறக்குறைய ஆறு மடங்கு மின்னோட்டம் பாயவேண்டியிருப்பதால், மிஞ்சுவது கம்பியே தவிர மின்சாரம் அன்று. பாட்டரி தளர்ந்த வேளையில் இலக்கத்தின் பொது டிரான்சிஸ்டரால் அவ்வளவைத் தர இயலாது. தருகின்ற சொற்பத்தை ‘ஒன்றின்’ இரண்டு கீற்றுகள் பகிர்ந்தால் ஒளி நிற்கிறது, ‘எட்டின்’ ஏழு கீற்றுகள் பகிர்ந்தால் குன்றுகிறது. மூதாட்டியின் ஐயத்துக்கு விடை இதுவே.

எல்.சி.டி. என்னும் திரவப்படிகக் காட்டியின் தர்மம் வேறு. தானாக ஒளிராத அது, மின்னியல் நோக்கில், ஒரு சிறு மின்தேக்கியே. நேர்மின்னோட்டம் அதைச் சிதைக்குமாதலால், மின்னழுத்தத்தின் திசையை இடைவிடாது மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். ஒரு மின்தேக்கியை ஒரே வீச்சில் முழு அழுத்தத்துக்கு ஏற்றினால், அதில் சேமிப்பாகும் சக்திக்குச் சமமான சக்தி வழியிலேயே வெப்பமாகிவிடும். அழுத்தத்தைப் பாதியாக்கினால் இந்நஷ்டம் காலாகும். அழுத்தத்தைக் குறைக்காமல் நான்கு சம படிகளில் ஏற்றினாலோ, ஒவ்வொரு படியிலும் முன்னைய நஷ்டத்தில் பதினாறில் ஒரு பங்கே போகும்; நான்கு படிகளும் சேர்ந்து கால் பங்குதான்.

இவ்விரு வழிகளிலும் நம் நாட்டிலேயே ஆராய்ச்சி நடந்திருக்கிறது என்பதைப் பெருமையோடு குறிப்பிடவேண்டும். எல்.சி.டி. திரையின் வரிகளை ஒவ்வொன்றாக முறைவைத்து இயக்குவதாய், ஆல்ட், பிளெஷ்கோ ஆகிய இருவரும் 1974-இல் ஆராய்ந்த வரிக்கு-வரி முறையில், வரிகள் பெருகப் பெருகச் சுற்றுக்கு வேண்டிய அழுத்தமும் ஏறியது. பெங்களூரிலுள்ள ராமன் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த டி. என். ருக்மாங்கதன், பல வரிகளை ஒருசேரத் தேர்ந்தெடுத்து அவ்வழுத்தத்தைத் தணிக்கும் முறையை 1988-இல் வெளியிட்டார். பின்னர், 2006-இல், சகாக்களுடன் சேர்ந்து, திடீரென எழும் துடிப்புகளுக்குப் பதிலாகப் படிப்படியாக உயரும் அலைவடிவத்தால் மின்செலவைக் குறைக்கும் வழியையும் ஆராய்ந்தார். படிகளை எல்லையின்றிப் பெருக்கவும் முடியாது. படிக்கொரு சுவிட்சு வேண்டும், சுவிட்சும் தன் பங்குக்கு மின்சாரம் உண்ணும்.

இருளில் எல்.சி.டி.யை எப்படிப் படிப்பது என்னும் ஆட்சேபம் நியாயமானது. பின்னொளியை ஓயாமல் எரியவிட்டால் இவ்வளவு சிக்கனமும் பாழ். ஆனால் எடை மாறியதைத் தராசு தானே அறியும். தூக்கு வைத்த கணத்தில் பின்னொளி எரிந்து, எடுத்த கணத்தில் அணையுமாறு அமைப்பது கடினமன்று. இவ்வாறு மிச்சப்படுத்தும் நோக்கத்தில், பால் ஊற்றுவோர் பக்கத்து முகப்பையே நீக்கிவிடலாம் என்ற யோசனையைக் கேட்டிருக்கிறேன். அதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். பாதிச் செலவு அதில் குறையலாம். ஆனால் தன் பாலின் எடையைத் தன் கண்ணாலேயே பார்க்கும் உரிமை அம்மூதாட்டியினுடையது. அவர் பக்கம் இருக்கும் முகப்பை அப்படியே வைத்துக்கொண்டு, இயக்கிச் சுற்றில்தான் நாம் மிச்சம் பிடிக்கவேண்டும்.