தீஷக்

தீஷக் என்பது அயர்லாந்துப் பிரதமரின் பதவிப்பெயர். ஐரிஷ் மொழியில் தலைவன், முன்னின்று நடத்துபவன் என்பது இதன் பொருள். தொடக்கத்தைக் குறிக்கும் 'தூஸ்', முன்பக்கத்தைக் குறிக்கும் 'தொஸக்' ஆகியவை இதன் உறவுச்சொற்கள். 'முதல்' என்பதிலிருந்து 'முதல்வர்' பிறந்ததை அறிந்த தமிழருக்கு இந்தப் பொருள்வழி புதிதல்ல.

சொல்லின் மிகப் பழைய வடிவம் ஒன்று அயர்லாந்துக்கு வெளியே, வேல்ஸில் கிடைத்திருக்கிறது. அங்குள்ள க்ளொகைனோக் கல்லில் 'தொவிஸாகி' என்ற சொல் லத்தீன் எழுத்தில் உள்ளது. அதே செய்தி ஓகம் என்னும் கீற்றெழுத்திலும் வெட்டப்பட்டுள்ளது. இளவரசனைக் குறிக்கும் வேல்ஷ் சொல்லும் இதற்கு உறவே. ஸ்காட்லாந்தின் மெக்கின்டாஷ் என்ற குடும்பப் பெயருக்குத் 'தலைவன் மகன்' என்று பொருள்.

பழைய அயர்லாந்தில் சிறு நிலப்பகுதியை ஆண்டவனும் 'ரீ', அதாவது அரசன். பேரரசர்கள் வலுப்பெற்றதும் அந்தச் சிற்றரசர்களின் பட்டம் தேய்ந்தது. அவர்கள் தீஷக் எனப்பட்டனர். ஒருகாலத்தில் இறக்கத்தைக் காட்டிய சொல், 1937 அரசியலமைப்பில் நாட்டின் அரசாங்கத் தலைவருக்குரியதாக உயர்ந்தது. ஆங்கில வாசகத்திலாவது 'பிரதமர்' என்று மாற்றவேண்டும் என ஃபிராங்க் மெக்டெர்மட் நாடாளுமன்றத்தில் திருத்தம் கொண்டுவந்தார். அப்போதைய அரசாங்கத் தலைவர் டி வலேரா இசையவில்லை, திருத்தம் தோற்றது. அது சரியான முடிவு. மொழிபெயர்த்திருந்தால் பல நாடுகளுக்குப் பொதுவான இன்னொரு பதவிப்பெயராகவே நின்றிருக்கும்.

இலக்கணத்தில் இது ஆண்பால், முதல் விகுதிவகைப் பெயர். பன்மைக்கும் ஆறாம் வேற்றுமைக்கும் ஒரே வடிவம்: 'தீஷி', மன்ஸ்டர் வழக்கில் 'தீஷிக்'. பிரதமர் துறையின் பெயரான 'ரின் அன் தீஷி'யில் வருவது இந்த வேற்றுமை வடிவமே. தமிழில் வேற்றுமை சொல்லின் ஈற்றில் தெரியும். ஐரிஷில் முதலெழுத்தும் நெகிழும். பிரதமரை விளிக்கும்போது தகரம் ஹகரமாகி 'அ ஹீஷி' என்று ஒலிக்கும். 'எங்கள் தலைவர்' என்னும்போது தகரம் ஒலிப்புடையதாகும். ஆனாலும் பழைய எழுத்தை நீக்காமல், புதிய எழுத்தை அதன் முன்னே சேர்த்து எழுதுவார்கள்.

துணைப் பிரதமருக்கான 'தானிஷ்தெ', பழைய மரபில் தலைவன் வாழும்போதே தேர்ந்தெடுக்கப்பட்ட வாரிசைக் குறித்தது. 1997-இல் மேரி ஹார்னி அப்பதவியை ஏற்ற முதல் பெண் ஆனார். அவர் வகித்தபோதும் அந்தச் சொல் இலக்கணத்தில் ஆண்பாலாகவே இருந்தது.