விண்ணப்பம் எழுதாத கைகள்

ஒரு பாடசாலைக்கு அரசாங்கம் உதவி வழங்குகிறது என்றால், அந்த உதவியைக் கேட்டு விண்ணப்பம் எழுதுகிறவர் யார்? கேள்வி அற்பமானதாகத் தோன்றலாம். ஆயினும் நுவரெலியாவிலும் ஹட்டனிலும் தேயிலை மலைகளின் இடையே எழுந்த தோட்டப் பாடசாலைகளின் சரித்திரத்தை இந்த ஒரு கேள்வியைக் கைவிளக்காகக் கொண்டே நாம் படித்துவிடலாம். இன்று பாடசாலைகளுக்கும் நூலகங்களுக்கும் இணைய வசதியைச் சலுகைக் கட்டணத்தில் வழங்குவது பற்றி உலகெங்கும் பேசப்படுகிறது. அந்தப் பேச்சு நம் மலைகளை எட்டும்போது, பழைய கேள்வி புதிய உடை உடுத்தி நம் முன் நிற்கிறது.

1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைத் தோட்டப் பயிராக்கினார். 1869இல் தலைகாட்டிய இலைநோய் காப்பிப் பயிரைச் சிறுகச் சிறுக அழித்தது. அதே 1869இல்தான் பிரிட்டிஷ் ஆட்சி இலங்கையில் பொதுப் போதனைத் திணைக்களத்தை நிறுவி, கிறிஸ்தவ மிஷன்களும் பிறரும் நடத்திய பாடசாலைகளுக்கு உதவி நன்கொடை அளிக்கும் முறையை வகுத்தது. காப்பிக்குப் பருவ வேலை. அறுவடை முடிந்தால் கூலியாட்களிற் பெரும்பாலோர் தமிழகம் திரும்பினர். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். ஆகவே குடும்பங்கள் லயங்களிலே நிலைபெற்றன. பிள்ளைகள் பிறந்தன, அவர்களுக்குக் கல்வி எங்கே என்ற பிரச்சினையும் உடன் பிறந்தது.

தொடக்கத்தில் இருந்தவை லயப் பள்ளிகளே. எழுத்தறிந்த ஒருவர், லயத்தின் திண்ணையில், வேலை முடிந்த மாலைப்பொழுதில் நாலு பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுப்பார். எந்த உதவியும் இல்லை. ஆனால் மக்கள் தாமாகத் தேடிக்கொண்ட கல்வி அது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

1907ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கக் கிராமப் பாடசாலைக் கட்டளைச் சட்டம், தோட்டத்திலுள்ள 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி கிடைக்கச் செய்யும் பொறுப்பைத் தோட்டத் துரையின் மீது சுமத்தியது. 1920ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டம் அப்பொறுப்பை மேலும் வற்புறுத்தியது. பாடசாலையைப் பதிவுசெய்து, வருகையைக் காட்டி, பரிசோதகரின் மேற்பார்வைக்கு உட்பட்டால் நன்கொடை கிடைக்கும். இங்கேதான் நம் கேள்வி எழுகிறது. அந்த நன்கொடையைக் கேட்க வேண்டியவர் யார்? பிள்ளையின் தாயல்ல, வாத்தியாருமல்ல, துரை! பெரட்டுக் களத்தில் ஆள்கணக்குப் பார்ப்பவரும் அவரே. பாடசாலைக்கு ஆள்கணக்குக் காட்ட வேண்டியவரும் அவரே. பத்து வயதைத் தாண்டிய பிள்ளை அவர் கண்ணில் மாணவனா, மலிவான தொழிலாளியா? சட்டம் பத்து வயதோடு நின்றது ஏன் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டுமா?

மனச்சாட்சியுள்ள துரைமார் சிலர் இருந்திருக்கலாம். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒரு தலைமுறையின் கல்வியைத் தனிமனிதரின் மனச்சாட்சியிடம் ஒப்படைப்பது நீதியாகுமா என்பதே வழக்கு.

1945இல் கன்னங்கராவின் பெருமுயற்சியால் பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி இந்நாட்டில் மலர்ந்தது. நாம் பெருமையோடு நினைவுகூர வேண்டிய சாதனை அது. ஆனால் ஐந்தாம் வகுப்போடு வாசலை மூடிவிடும் ஓராசிரியர் தோட்டப் பாடசாலையின் பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் வரை இலவசம் என்பதற்கு என்ன பொருள்? ஏணியின் இரண்டாம் படிக்கு மேல் படியே இல்லாதவனுக்கு, மாடிக்கு வாடகை இல்லை என்று சொன்னதற்கு ஒப்பாகும்.

கேட்பதற்கு வாய் இருந்தால் இக்குறை நீடித்திராது. ஹட்டனை மையமாகக் கொண்டு நடேசையரும் மீனாட்சியம்மையும் தொழிலாளரைத் தட்டி எழுப்பினர். 1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. தலவாக்கலையின் பிரதிநிதியாகச் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்திலே பிறந்த கவிஞர், ஆசிரியராகவும் இருந்தவர். ஆனால் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது; 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். அழும் வாயையே கட்டிவிட்டால்?

விளைவைப் பாருங்கள். 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது. தோட்டப் பாடசாலைகளோ துரைமாரின் பொறுப்பிலேயே விடப்பட்டன. 1972லும் 1975லும் வந்த நிலச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கிய பின்னரே, 1970களின் பிற்பகுதியில், அப்பாடசாலைகளும் படிப்படியாக அரசாங்கத்தின் கைக்கு வந்தன. நாட்டின் ஏனைய பிள்ளைகளுக்கும் நம் பிள்ளைகளுக்கும் இடையே விழுந்த இடைவெளி ஏறத்தாழ ஒரு தலைமுறை. பின்னர் சுவீடனின் உதவியால் கட்டடங்கள் எழுந்தன. ஜெர்மனியின் உதவியால் கொட்டகலைக்கு அருகே பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி உருவாயிற்று. அந்நிய நாடுகள் காட்டிய அக்கறையை நன்றியோடு ஏற்கும் அதே வேளையில், தேயிலையின் அந்நியச் செலாவணியால் வாழ்ந்த நம் கருவூலம் ஏன் முந்திக்கொள்ளவில்லை என்று கேட்காதிருக்க முடியுமா?

இனி, இணையத்தின் யுகத்துக்கு வருவோம். அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின்கீழ் ஒரு திட்டம் பிறந்தது. தொலைத்தொடர்புக் கம்பனிகளிடம் திரட்டும் பொதுச் சேவை நிதியிலிருந்து பாடசாலைகளுக்கும் நூலகங்களுக்கும் இணையக் கட்டணத்தில் 20 முதல் 90 சதவீதம் வரை தள்ளுபடி அளிக்கப்படுகிறது. ஏழைப் பிள்ளைகள் மிகுந்த பாடசாலைக்குத் தள்ளுபடியும் மிகுதி. வறுமையை அளவுகோலாக்கி உதவியை அளந்து கொடுக்கும் இக்கொள்கை பாராட்டுக்குரியது. ஆனால் அங்கும் படிவங்கள் ஒன்றல்ல, இரண்டல்ல. விலை கோர வேண்டும். குறித்த நாட்கள் காத்திருக்க வேண்டும். மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். அப்படிவங்களை நிரப்பிக் கொடுப்பதே தொழிலாகக் கொண்ட ஆலோசகர்கள் தோன்றிவிட்டார்கள். செல்வமிக்க அந்த நாட்டிலேயே இந்த நிலை என்றால், எழுதுவினைஞர் இல்லாத, அதிபரே பாடமும் நடத்தி மணியும் அடிக்கும் தோட்டப் பாடசாலையின் கதி என்ன?

இலங்கையில் 2005 முதல் நெனசல என்னும் அறிவு நிலையங்கள் உலக வங்கியின் நிதியோடு அமைக்கப்பட்டன. இடமும் நிர்வாகமும் தர வல்ல ஸ்தாபனங்கள் முன்வந்து ஏற்றன. அவற்றிற் பல வழிபாட்டிடங்களில் அமைந்தன. நல்ல காரியமே. ஆனால் குடியிருக்கும் லயக்காம்பராவே கம்பனிக்குச் சொந்தம், தபாலும் தோட்டக் காரியாலயத்தின் வழியே என்று வாழும் மக்கள் எந்த இடத்தைக் காட்டி, எந்த முகவரியை எழுதி விண்ணப்பிப்பார்கள்?

2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பாடசாலைகள் மூடப்பட்டபோது உண்மை வெட்டவெளிச்சமாயிற்று. பல்கலைக்கழக மாணவர்களுக்கு, பல்கலைக்கழகங்களின் பொது வலையமைப்பின் வழியாக, கட்டணமின்றி இணைய வகுப்பு கிடைத்தது. அவர்களுக்காகக் கேட்க ஓர் அமைப்பு ஏற்கெனவே இருந்தது. ஊவாவின் கிராமமொன்றில், சிங்களப் பிள்ளைகளும் ஆசிரியரும் அலைவரிசை தேடிக் காட்டுவழியே பாறை உச்சிக்கு ஏறிய செய்தியை 2021இல் உலகமே படித்தது. தேயிலை மலைகளின் பள்ளத்தாக்குகளில் வாழும் நம் பிள்ளைகளும் அதே வானத்தைத்தான் அண்ணாந்து பார்த்தார்கள். ஏழ்மைக்கு இனமில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபாவானதே 2021இல்தான். கட்டணத்தில் தள்ளுபடி என்பது, கருவியும் கோபுரமும் இல்லாத இடத்தில், இல்லாத பண்டத்தின் விலையைக் குறைப்பதே ஆகும்.

பொதுப்பணத்துக்குக் கணக்கு வேண்டாமா, விண்ணப்பமின்றி எப்படிக் கொடுப்பது என்று சிலர் கேட்கலாம். கணக்கு வேண்டும், ஆனால் கணக்கு வேறு, மன்றாட்டு வேறு. எந்தப் பாடசாலையில் எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர்கள் என்ற விவரம் வலயக் கல்விக் காரியாலயத்தின் கோவைகளில் இருக்கிறது. தனக்குத் தெரிந்ததையே மறுபடி எழுதித் தா என்று அரசாங்கம் ஏழையிடம் கேட்பானேன்? வறுமை மிகுந்த பாடசாலைக்குச் சலுகை தானாகவே போய்ச் சேரட்டும். படிவம் தவிர்க்க முடியாததாயின் அது தமிழிலும் இருக்கட்டும். தமிழ் 1987 முதல் அரசியலமைப்பின்படி அரசகரும மொழியுமாகும். கட்டணச் சலுகைக்கு முன்னே கோபுரமும் மின்சாரமும் வரட்டும். தோட்டந்தோறும் ஒரு சிறு நூலகமாவது, கம்பனியின் தயவின்றி, பொதுநிலத்தில் எழட்டும்.

1907இல் சட்டம் பிள்ளைக்காகத் துரையிடம் பேசியது. நூறாண்டு கடந்தும் பிள்ளையிடம் நேராகப் பேசும் சட்டத்துக்கு நாம் காத்திருக்கிறோம். 2003ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பின் நாடற்றவர் என்ற சொல்லுக்கு இம்மலைகளில் இடமில்லை. இன்று நம்மிடம் வாக்கு இருக்கிறது, வாய் இருக்கிறது. கொழுந்து கிள்ளிக் காய்த்துப்போன கைகள் சலுகைக்காக மனு எழுத வேண்டியதில்லை. உரிமைக்கான கோரிக்கையை எழுதட்டும். அதற்கு முதல் ஒப்பம் இடவேண்டியவர்கள், அக்கைகளின் உழைப்பால் எழுத்தறிந்து வெளியேறிய நாமே.