சிறு மாதிரிகளில் பழைய கான்கிரீட்: ஒரு கலையின் வரலாறு

உண்மைப் பொருள் ஒன்றை ஒரே விகிதத்தில் சுருக்கிச் செய்யும் அளவு மாதிரிக் கலையில், 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை பெரும்பாலான மாதிரிகள் தொழிற்சாலையிலிருந்து அப்போதுதான் வந்தவைபோல மாசற்றே இருந்தன. கான்கிரீட் சுவருக்கு ஒரே சாம்பல் நிறத்தைப் பூசுவதோடு பணி முடிந்தது. வெயிலும் மழையும் பொருளின்மேல் விட்டுச்செல்லும் தடயங்களையும் வண்ணத்தால் காட்டவேண்டும் என்ற எண்ணம் வேரூன்றியதே இக்கலையின் பெருந்திருப்பம்.

அத்திருப்பத்தின் முன்னோடிகளுள் தலையாயவர், கலிஃபோர்னியாவின் மான்டரேயில் வாழ்ந்த ஒளிப்படக் கலைஞர் ஜான் ஆலன் (1913–1973). உண்மை அளவில் 87இல் ஒரு பங்கான தம் மாதிரி ரயில்பாதையில் அவர் கரியும் துருவும் படிந்த வண்டிகளையும் கட்டடங்களையும் அமைத்தார். 1973இல் அவர் மறைந்த சில நாட்களிலேயே அப்பாதை தீயில் அழிந்தபோதிலும், அவர் எடுத்த படங்கள் இதழ்களின் வழியே ஏற்கெனவே பரவியிருந்ததால் அவருடைய பார்வை நிலைத்தது.

அடுத்த கட்டம் போர்க்களக் காட்சி மாதிரிகளில் நிகழ்ந்தது. ஜப்பானின் தமியா நிறுவனம் பரப்பிய 35இல் ஒரு பங்கு அளவு இத்துறைக்குப் பொது அளவாயிற்று. அமெரிக்கரான ஷெப்பர்ட் பெயின், பெல்ஜியத்தின் ஃபிரான்சுவா வெர்லிண்டன் ஆகியோரின் நூல்கள், நீர்த்த கருவண்ணத்தைப் பள்ளங்களில் தேங்கவிடும் ‘வாஷ்’ முறையையும், ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் மேடுகளை மட்டும் வெளிறச்செய்யும் ‘டிரை பிரஷ்’ முறையையும் உலகெங்கும் கொண்டுசென்றன. 1942 முதல் 1944 வரை ஜெர்மானியர் ஐரோப்பாவின் மேற்குக் கரையில் எழுப்பிய அட்லாண்டிக் சுவரின் காப்பரண்கள் மாதிரிக் கலைஞர்களுக்குக் கான்கிரீட்டை ஒரு தனிப் பாடமாகவே ஆக்கின.

அப்பாடத்தின் சாரம் நீரின் போக்கை அறிவதாகும். சுவருக்குள் புகும் நீர் சிமென்ட்டிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்து வெளிக்கொணர, அது காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து வெண்படலமாகப் படிவதே உப்புப் பூத்தல் எனப்படுகிறது. அதே வாயு காலப்போக்கில் கான்கிரீட்டின் காரத்தன்மையைக் குறைக்கும்போது உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்து, பருத்து, தன்னை மூடியுள்ள கான்கிரீட்டைப் பிளக்கிறது. ஆகவே தேர்ந்த கலைஞர் முதலில் வெம்மைச் சாயலுள்ள வெளிர்சாம்பலை அடிவண்ணமாகப் பூசி, சென்ட்ரிங் பலகைகளின் தடங்களுக்கிடையே நிறத்தைச் சற்றே மாற்றி, வெளித்தெரியும் கம்பியின் அடியில் துருநிற எண்ணெய் வண்ணத்தை ஒரு புள்ளியாக வைத்து, தின்னரில் நனைத்துத் துடைத்த தூரிகையால் அதனைக் கீழ்நோக்கி இழுக்கிறார். கறை மேலே அடர்ந்தும் கீழே மங்கியும் முடிகிறது. 35இல் ஒரு பங்கு மாதிரியில் 1 மில்லிமீட்டர் அகலக் கோடு உண்மைச் சுவரில் மூன்றரை சென்டிமீட்டர் அகலக் கறையாகும் என்பதால், கை சற்றே மிகுந்தாலும் அளவு கெட்டுவிடும்.

இக்கலை பெற்ற உண்மையான வளர்ச்சி புதிய வண்ணக் குப்பிகளால் மட்டும் வந்ததன்று. ஒவ்வொரு கறைக்கும் அது தொடங்கிய இடமும் காரணமும் உண்டு என்று கட்டடங்களையே ஆசானாகக் கொண்டு கற்றதால் வந்ததாகும்.