புகுமுகம் முதல் பட்டம் வரை



ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது நாம் சிறிது தயங்கினோம். நாம் பயின்றது மெட்ரிகுலேஷன் வரையே. பட்டதாரிகள் பலர் வாழும் இக்காலனியில், கல்லூரிப் படிப்பின் வரலாற்றை எழுத நமக்குத் தகுதி உண்டோ என்று வாசகர் ஐயுறலாம். எனினும், பார்சல் அலுவலகத்தில் பதிவேடு எழுதிப் பழகியவர்க்கு ஓர் இயல்பு அமைந்துவிடும். ஏற்றி அனுப்பிய மூட்டை எத்தனை என்று மட்டும் பார்த்து அவர் மனநிறைவு கொள்ளமாட்டார். போய்ச் சேர்ந்தவை எத்தனை என்ற கணக்கும் வந்த பின்னரே பதிவேட்டை மூடுவார். அந்த இயல்பினாலேயே இதனை எழுதத் துணிந்தோம்.

நம் சங்கத்தின் ஆண்டு விழாவில், பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் நன்கு தேறிய பிள்ளைகளை மேடைக்கு அழைத்துப் பரிசளிப்பது நெடுநாள் வழக்கம். இன்னார் மகள் இன்ன கல்லூரியிற் சேர்ந்திருக்கிறாள் என்று அறிவித்தவுடன் கரவொலி எழுகின்றது. மகிழத்தக்கதே. ஆயினும், மூன்றாண்டு கழித்து அதே பெண் பட்டம் பெற்றாளா என்று நம்மில் எவரும் கேட்பதில்லை. இந்நாட்டில் கல்லூரிக் கல்வி தோன்றிய நாள்தொட்டே, சேர்ந்தோர் கணக்கு வேறாகவும் முடித்தோர் கணக்கு வேறாகவும் இருந்து வந்துள்ளன. இடையில் நின்றவர் ஏன் நின்றார், கடந்தவர் எதனாற் கடந்தார் என்பதைச் சில வரலாறுகளைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று பல்கலைக்கழகங்கள்

1854-ஆம் ஆண்டு சார்லஸ் வுட் என்பவர் விடுத்த கல்வி அறிக்கையின் பயனாக, 1857-இல் மூன்று பல்கலைக்கழகங்கள் தோன்றின. ஜனவரி 24-இல் கல்கத்தாவும், ஜூலை 18-இல் பம்பாயும், செப்டம்பர் 5-இல் சென்னையும் சட்டம் பெற்றன. லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டமையால், அந்நாளில் அவை எவர்க்கும் பாடம் கற்பிக்கவில்லை. கல்லூரிகள் கற்பித்தன; பல்கலைக்கழகம் தேர்வு வைத்தது. ஆகவே, மாணவனை அது சந்தித்தது தேர்வுக் கூடத்தில் மட்டுமே. இடையில் அவன் எங்ஙனம் உண்டான், எங்கே தங்கினான், எவ்வாறு கட்டணம் செலுத்தினான் என்பன அதன் கவலையாக இருக்கவில்லை.

நாம் வாழும் இவ்வங்க மண்ணில், கல்கத்தாவின் முதல் நுழைவுத் தேர்வை 1857-இல் 244 பேர் எழுதினர். மறு ஆண்டு நடந்த முதல் பி.ஏ. தேர்விலோ இருவரே தேறினர். ஒருவர் ஜதுநாத் போஸ். மற்றொருவர், பிற்காலத்தில் வந்தே மாதரம் இயற்றிய பங்கிம் சந்திர சட்டோபாத்தியாயர். அவ்விருவரும் ஒரு பாடத்தில் சில மதிப்பெண் குறைந்து, கருணை மதிப்பெண் பெற்றே தேறினர் என்பது நம் பிள்ளைகள் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி. சென்னையின் முதற் பட்டதாரிகளும் இருவரே. அவருள் ஒருவர், தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் அச்சேற்றித் தமிழைக் காத்த யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளை. அன்று இந்தியப் பட்டதாரிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

படிக்கட்டுகளும் வழுக்கலும்

அக்காலப் படிப்பு மூன்று படிகளாக அமைந்தது. முதலில் மெட்ரிகுலேஷன், அதன்பின் இரண்டாண்டு எப்.ஏ.; அதற்கும் பின் இரண்டாண்டு பி.ஏ. ஒவ்வொரு படியிலும் ஏறினவருள் ஒரு பகுதியினர் நின்றுவிட்டனர். இதற்கு ஒரு காரணம் அரசாங்க வேலை. அஞ்சல், தந்தி, ரயில்வே ஆகிய துறைகளில் எழுத்தர் வேலைக்கு மெட்ரிகுலேஷன் தேர்ச்சியே போதுமானதாயிற்று. கல்லூரிக்கு வாயிலாக ஏற்பட்ட தேர்வு, வேலைக்கும் வாயிலாக ஆயிற்று. 1882-இல் அமைந்த ஹண்டர் குழு, பல்கலைக்கழகத்திற்குச் செல்வார்க்கு ஒரு பிரிவும், தொழிலுக்குச் செல்வார்க்கு ஒரு பிரிவுமாக உயர்நிலைப் பள்ளிப் படிப்பை வகுக்கலாம் என்று பரிந்துரைத்தது இதனாலேயே.

இடையில் நின்றோரும் தம் இழப்பை ஒரு தகுதியாகவே காட்டிக்கொண்டனர். ‘எப்.ஏ. பெயில்’, ‘பி.ஏ. பெயில்’ என்று விண்ணப்பங்களிலும் திருமணப் பேச்சுக்களிலும் குறிப்பிடும் வழக்கம் இருந்தது. கேட்டு நகைப்போர் உளர். நமக்கோ நகைப்பு வருவதில்லை. வாயிலைக் கடந்து, பல மைல் நடந்து, ஊர் தெரியும் தூரத்தில் நின்றுவிட்ட ஒருவரின் பெருமூச்சே அது.

மகளிர்க்கு வாயிலே இல்லாத காலமும் இருந்தது. கல்கத்தாவில் காதம்பினி பாசு என்னும் பெண் 1878-இல் நுழைவுத் தேர்விற் தேறியபோது, அவர் மேலே படிக்க மகளிர் கல்லூரி இல்லை. அவர் ஒருவர் பொருட்டே பெத்தூன் பள்ளியில் 1879-இல் கல்லூரி வகுப்புத் தொடங்கப்பெற்றது. ஒரே மாணவியோடு தோன்றிய கல்லூரி அது. 1883-இல் அவரும் சந்திரமுகி பாசுவும் பட்டம் பெற்றனர். காதம்பினி அதனோடு நில்லாது மருத்துவமும் பயின்றார். ஒருவர் முடிப்பதற்கு மற்றவர் வழியமைத்துத் தரவேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஒரே ஆண்டில் இருவர்

இனி, 1907-ஆம் ஆண்டினை நோக்குவோம். அவ்வாண்டில் இரண்டு இளைஞர் வாழ்வில் இரண்டு தேர்வுகள் நிகழ்ந்தன.

ஒருவர் கும்பகோணத்து இராமானுஜன். 1903 டிசம்பரில் மெட்ரிகுலேஷன் எழுதித் தேறி, உதவித்தொகையோடு கும்பகோணம் அரசினர் கல்லூரியிற் சேர்ந்தார். கணிதத்தில் மூழ்கிப் பிற பாடங்களை மறந்தார், ஆங்கிலத்தில் தவறினார், உதவித்தொகை போயிற்று. கட்டணம் செலுத்தும் வசதி குடும்பத்திற்கு இல்லை. 1906-இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தார், நோயும் குறுக்கிட்டது. 1907 டிசம்பரில் மீண்டும் எப்.ஏ. தேர்வெழுதித் தோற்றார். அத்துடன் கல்லூரி வாழ்வு முடிந்தது. 1912 மார்ச் 1-ஆம் நாள், சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தரானார். எழுத்தர் மேசையில் அமரும் எம்போன்றோர்க்கு இச்செய்தி தனியானதோர் உவகை தரும்.

மற்றவர் பம்பாயில் வாழ்ந்த அம்பேத்கர். 1907-இல் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியிலிருந்து மெட்ரிகுலேஷன் தேறினார். தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான குடும்பத்துப் பிள்ளை அத்தேர்வில் வென்றது அன்று அரிய செயலாகையால், பாராட்டுக் கூட்டமே கூட்டினர். கல்லூரியிற் சேர்ந்து இண்டர்மீடியட்டும் முடித்தார். அந்நிலையில் தந்தையாரின் கைப்பொருள் தீர்ந்தது. கரவொலி செய்தவரெல்லாம் கலைந்து போயிருக்கக்கூடிய நேரம் அது. ஆனால் அப்பாராட்டுக் கூட்டத்திற் கலந்துகொண்ட கேளுஸ்கர் என்னும் ஆசிரியர் அவரை மறந்தாரில்லை. பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட்டிடம் அவரை அழைத்துச் சென்றார். மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. 1912-இல் அம்பேத்கர் பி.ஏ. பட்டம் பெற்றார்.

இருவரும் பேரறிவினர் என்பதில் ஐயமில்லை. ஒருவர்க்கு இடைவழியில் உதவித்தொகை நின்றது. மற்றவர்க்கு இடைவழியில் உதவித்தொகை வந்தது. இராமானுஜனுக்குப் பின்னாளில் நல்லோர் துணை வாய்த்தது. 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவி வழங்கிற்று. 1916-இல் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சியின் பேரில் பட்டமும் பெற்றார். ஆயினும், அத்துணை மேதைக்கே அவ்வளவு காலம் கடந்தது எனின், மேதைமை இல்லாத, ஆனால் முயற்சியுடைய ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் நிலை என்ன?

அம்பேத்கர் தாம் பெற்றதை மறக்கவில்லை. அவர் வைசிராயின் நிர்வாக சபையில் உறுப்பினராயிருந்த காலத்தில், 1944-இல், தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவர்க்கு மெட்ரிகுலேஷனுக்குப் பிந்திய படிப்புக்கான மத்திய அரசு உதவித்தொகை தொடங்கிற்று. வாயிலைத் திறந்தால் மட்டும் போதாது, உள்ளே நடந்து முடிக்கவும் கைப்பொருள் வேண்டும் என்பதை அரசாங்கம் ஏற்றுக்கொண்டதற்கு அது அடையாளம்.

இடமாற்றம் என்னும் இடையூறு

நம் போன்ற குடும்பங்கட்கு வேறோர் இடையூறும் இருந்தது. 1917-இல் அமைந்த சாட்லர் குழு, இண்டர்மீடியட் வகுப்பைப் பல்கலைக்கழகத்தினின்று பிரித்து, பட்டப் படிப்பை மூன்றாண்டாக்கலாம் என்று கூறிற்று. அதனைச் சில இடங்கள் ஏற்றன, சில ஏற்கவில்லை. விடுதலைக்குப் பின்னர், ஓரிடத்தில் இண்டர்மீடியட், மற்றோரிடத்தில் உயர்நிலைப் பதினோராம் வகுப்பு, தமிழ்நாட்டில் புகுமுக வகுப்பு என்று மாநிலத்திற்கு மாநிலம் படிகள் மாறின. தந்தைக்கு இடமாற்ற உத்தரவு வந்தால், பிள்ளைக்கு ஓராண்டு வீணாகும். பயிற்று மொழியும் மாறும். இதனால் படிப்பை விட்டவர் கணக்கைப் பழைய காலனிவாசிகள் வாய்மொழியாகக் கூறக் கேட்டிருக்கிறோம்.

இக்குறையை உணர்ந்தே, இரண்டாவது ஊதியக் குழுவின் பரிந்துரைப்படி 1960-களின் தொடக்கத்தில் மத்தியப் பள்ளிகள் ஏற்பட்டன. 1964 முதல் 1966 வரை ஆராய்ந்த கோத்தாரிக் குழு நாடெங்கும் ஒரே அமைப்பு வேண்டும் என்றது. பத்து, இரண்டு, மூன்று என்னும் வரிசையை 1968-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை ஏற்றது. தமிழ்நாட்டில் 1978-இல் மேனிலை வகுப்பு வந்து, புகுமுகம் மறைந்தது. இன்று நம் பிள்ளைகள் எம்மாநிலத்திற்கு மாறினும் படிகள் ஒன்றே.

இன்றைய கணக்கு

அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி, 2021-22-ஆம் ஆண்டில் உயர்கல்வி பயின்றோர் சுமார் 4.33 கோடி. 18 முதல் 23 வயது வரையுள்ள மக்கள் தொகையோடு ஒப்பிடின் இது நூற்றுக்கு 28.4. இவ்விகிதத்தில் மகளிர் ஆடவரினும் சற்றே முந்தியுள்ளனர். காதம்பினிக்காகத் தனி வகுப்புத் திறந்த நாட்டில் இது பெருமைக்குரிய மாற்றம். அதே ஆண்டில் படிப்பை முடித்து வெளிவந்தோர் சுமார் 1.07 கோடி.

முடிக்கச் செய்யும் முயற்சிகளும் நடைபெறுகின்றன. அரசுப் பள்ளியிற் படித்துக் கல்லூரி சேரும் பெண்களுக்குப் படிப்பு முடியும்வரை மாதந்தோறும் 1000 ரூபாய் வழங்கும் திட்டம் தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிற்று. சேரும் நாளில் ஒருமுறை தரும் பரிசாக இல்லாமல், முடியும்வரை தொடரும் துணையாக அமைந்ததே அதன் சிறப்பு. ஆயினும் அது தமிழ்நாட்டுப் பள்ளியிற் பயின்றோர்க்கு உரியது; இங்கே பயிலும் நம் பிள்ளைகளுக்கு எட்டாது. 2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையோ, ஓராண்டு முடித்தவர்க்குச் சான்றிதழும் ஈராண்டு முடித்தவர்க்குப் பட்டயமும் அளிக்க வழி கூறுகின்றது. ‘எப்.ஏ. பெயில்’ என்று எழுதிக்கொண்ட பழைய தலைமுறை இதனைக் கண்டிருப்பின் ஆறுதல் அடைந்திருக்கும். எனினும் ஆறுதல் வேறு, பட்டம் வேறு.

நம் வீட்டுக் கணக்கு

இறுதியாக நம் வீட்டுக் கணக்கையும் கூறிவிடுதல் முறை. நாம் 1997-இல் மெட்ரிகுலேஷன் தேறிப் பதினொன்றாம் வகுப்பிற் சேர்ந்தோம். அவ்வாண்டே தந்தையார் பணியில் இருக்கையிலேயே காலமானார். வீட்டில் தாயாரும் ஒரு தங்கையும். படிப்பு நின்றது, பதினெட்டு வயது நிரம்பியதும் கருணை அடிப்படையில் தந்தையார் துறையிலேயே வேலை கிடைத்தது. எவர்மீதும் நமக்குக் குறையில்லை.

சில ஆண்டுகட்குப் பின் தங்கை கல்லூரியிற் சேர்ந்தாள். முதலாண்டுக் கட்டணத்தை எப்படியோ செலுத்திவிட்டோம். இரண்டாம் ஆண்டில் தாயாரின் மருத்துவச் செலவு வந்து கை வறண்டது. அவளை நிறுத்திவிடலாம் என்று முடிவு செய்த அன்று மாலை, எதிர்க் குவார்ட்டர்ஸ் மாமி வந்தார். ஒரு காகித உறையைத் தங்கையின் கையில் வைத்து, “பரீட்சைக்குப் பணம் கட்டிவிட்டு வா” என்று மட்டும் கூறிச் சென்றார். தங்கை பட்டம் பெற்றாள். இன்று ஆசிரியையாக உள்ளாள். மாமி இன்று இல்லை. அங்கி அணிந்து தங்கை நிற்கும் படம் நம் வீட்டுச் சுவரில் உள்ளது. அதனைக் காணுந்தோறும் நமக்கு அந்தக் காகித உறையே நினைவுக்கு வருகின்றது.

ஆகவே சங்கத்தார்க்கு மூன்று வேண்டுகோள்கள். கல்லூரியிற் சேரும் நம் பிள்ளைகள் பெயரை ஒரு பதிவேட்டில் எழுதி, ஆண்டுதோறும் அவர் நிலையைக் கேட்டறிதல் வேண்டும். பரிசுத் தொகையில் ஒரு பகுதியை, இரண்டாம், மூன்றாம் ஆண்டுக் கட்டணத்திற்குத் தவிப்போர்க்கு ஒதுக்குதல் வேண்டும். அதனைப் பெறுவோர் பெயரை மேடையில் கூறாது, மாமி செய்ததுபோற் செய்தல் வேண்டும். பட்டம் முடித்தவரை, ஐந்தாண்டு ஆனாலும், அஞ்சல் வழியிற் பயின்றாலும், மேடைக்கு அழைத்து மாலை சூட்டுதல் வேண்டும்.

அடுத்த ஆண்டு விழாவில் அப்பதிவேட்டின் முதற் பக்கத்தை எழுதும் பணியை நமக்கு அளிப்பின், மகிழ்வுடன் ஏற்போம். அந்த எழுத்து வேலைக்கு மெட்ரிகுலேஷன் போதும்.

வாழ்க சங்கம்! வளர்க நம் பிள்ளைகள்!