சேலம்–நாமக்கல் சமவெளியில் ஆட்டமும் ரசிகரும்

விளையாட்டு ரசிகர் ஒருவர் கபடியை விட்டுக் கிரிக்கெட்டையோ, கிரிக்கெட்டை விட்டுக் காளையையோ விரும்புவதற்கு அந்தந்த ஆட்டத்தின் அழகைக் காரணமாகச் சொல்வது வழக்கம். ஆனால் ஒரு வட்டாரத்தின் வரலாற்றைப் புரட்டினால் அழகு பின்னால்தான் வருகிறது. எந்த இடம் சும்மா கிடந்தது, வேலை எந்த மாதத்தில் ஓய்ந்தது, எந்த ஆட்டத்தில் பக்கத்து ஊரைத் தோற்கடிக்க முடிந்தது என்பவை முன்னால் நிற்கின்றன. தமிழ்நாட்டுக்குள்ளேயே கோவில்பட்டிக்கு ஹாக்கி, வியாசர்பாடிக்குக் கால்பந்து என்று அமைந்திருக்கிறது. மேற்கே மலை தாண்டினால் மலப்புறத்தில் எழுவர் கால்பந்துக்கு இரவெல்லாம் கூட்டம். சேர்வராயன், கல்வராயன், கொல்லி மலைகளுக்கும் காவிரிக்கும் நடுவே கிடக்கும் சேலம்–நாமக்கல் சமவெளி அப்படி ஒரே ஆட்டத்துக்கு எழுதிவைத்த நிலம் அல்ல. 1997 ஜனவரி 1 அன்று நாமக்கல் தனியாகப் பிரியும்வரை ஒரே மாவட்டமாக இருந்த இந்தப் பகுதியில் காளை, சேவல், சடுகுடு, வாலிபால், கிரிக்கெட் ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன.

இவற்றுள் கல்லில் சான்று இருப்பது காளைக்குத்தான். சேலம் மாவட்டத்துக் கருவந்துறை நடுகல், சங்கன் என்பவர் அந்த ஊரில் எருது விளையாடிப் பட்டதையும், அவருடைய மகன் பெரிய பயல் அந்தக் கல்லை நட்டதையும் சொல்கிறது. ஆநிரை மீட்டு இறந்தவருக்கும் புலியோடு பொருது இறந்தவருக்கும் நடுகல் எடுப்பது பழைய வழக்கம். ஆட்டத்தில் செத்தவருக்கும் அதே மரியாதை கிடைத்திருக்கிறது என்றால், அந்த ஆட்டத்தை ஊர் வெறும் பொழுதுபோக்காக எண்ணவில்லை என்று பொருள்.

சமவெளியில் காளை இரண்டு விதமாக ஆடப்படுகிறது. ஆத்தூர் பக்கம் கூலமேடு, தம்மம்பட்டி, நாமக்கல் பக்கம் அலங்காநத்தம் போன்ற ஊர்களில் வாடிவாசல் கட்டித் திமிலைப் பிடிக்கும் ஜல்லிக்கட்டு. சேலம் நகரை ஒட்டிய பல ஊர்களில் எருதாட்டம். எருதாட்டத்தில் காளைக்கு நீண்ட வடம் கட்டி இருபுறமும் ஆட்கள் பிடித்துக்கொள்வார்கள்; முன்னால் ஒருவர் பொம்மையைக் காட்டிச் சீண்டுவார்; கோயிலைச் சுற்றி ஓட்டிவருவார்கள். இதில் வென்றவரும் இல்லை, தோற்றவரும் இல்லை. வடம் பிடிப்பவர், விசிலடிப்பவர், காளை திரும்பியதும் தெறித்து ஓடித் திண்ணையில் ஏறுபவர் எல்லாருமே ஆட்டத்துக்குள் இருப்பவர்கள். பார்ப்பவர் வேறு, ஆடுபவர் வேறு என்ற கோடு விழாத வரையில் இன்றைய பொருளில் ரசிகர் என்று ஒருவர் இல்லை. ஜல்லிக்கட்டில் அந்தக் கோடு தெளிவாக விழுகிறது: பிடித்தவருக்குப் பரிசு, பிடிபடாத காளைக்குப் பெயர், மற்றவர்கள் தடுப்புக்கு வெளியே.

இரண்டுக்கும் பொதுவானது மாதம். தை அறுவடை முடிந்து களம் காலியாகும்போதுதான் காளைக்கு நேரம். ஆண்டுக்கு ஒருமுறை வருவதால் அதன் வேகம் பெரியது. ஆண்டு முழுக்கப் பேசிக்கொண்டிருக்க அதில் செய்தி போதாது. இந்தக் குறையை ஒரு வகையில் நீதிமன்றம் தீர்த்துவைத்தது எனலாம். 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. 2017 ஜனவரியில் மெரினாவில் கூட்டம் திரண்டபோது சேலத்தில் இளைஞர்கள் ரயிலை மறித்து நின்றார்கள். அந்த ஆண்டே மாநில அரசு சட்டம் இயற்றியது. 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு அதை ஏற்றது. வாடிவாசலை நேரில் பார்த்திராத பலர் இந்த இடைவெளியில் காளையின் ரசிகரானார்கள். விலக்கப்பட்டது என்பதாலேயே ஒரு ஆட்டம் விருப்பமானதாக மாறிய தெளிவான உதாரணம் இது. ஆனால் அந்த அலையில் மேலேறியது ஜல்லிக்கட்டு என்ற பெயர்தான். எருதாட்டம் அந்தந்த ஊர் எல்லையோடு நின்றுவிட்டது.

வாழப்பாடி வட்டாரத்தில் இன்னொன்றும் உண்டு: வங்காநரி ஜல்லிக்கட்டு. பொங்கலை ஒட்டிக் காட்டில் வலை விரித்து நரியைப் பிடித்து, மாலை போட்டு, ஊர்வலமாகக் கோயிலுக்குக் கொண்டுவந்து, காலில் கயிறு கட்டி ஓடவிட்டு, மறுபடி காட்டில் விடுவார்கள். நரி முகத்தில் விழித்தால் விளைச்சல் செழிக்கும் என்பது நம்பிக்கை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வங்காநரி காக்கப்பட வேண்டிய விலங்கு. ஆகவே வனத்துறை எச்சரிப்பதும் அபராதம் விதிப்பதும் பொங்கல் வழக்கத்தின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. காளைக்கு எழுந்த குரல் நரிக்கு எழவில்லை. நரிக்கு உரிமையாளர் இல்லை, இனப் பெருமை இல்லை, சில ஊர்களுக்கு வெளியே அதை அறிந்தவரும் இல்லை.

சேவல்கட்டுக்குக் கூட்டம் எப்போதும் உண்டு. தோற்ற சேவலான கோச்சையை வென்றவர் எடுத்துப்போவது கொங்கு வழக்கம். முட்டைக்காகக் கோடிக்கணக்கில் கோழி வளர்க்கும் நாமக்கல்லில் கட்டுச்சேவலுக்கு இன்னமும் தனி வளர்ப்பு, தனித் தீவனம், தனி மரியாதை. ஆனால் பந்தயப் பணமும் போலீஸ் பயமும் சேர்ந்து அதைத் தோப்புக்குள் தள்ளிவிட்டன. சிறுவர்களை அழைத்துப்போக முடியாத ஆட்டம் அடுத்த தலைமுறை ரசிகரை உருவாக்குவதில்லை.

சடுகுடுவின் கதை வேறு. அதற்குப் பந்து வேண்டாம், மட்டை வேண்டாம். கோடு கிழிக்க ஒரு குச்சியும் ஏழும் ஏழும் ஆட்களும் போதும். திருச்செங்கோடு, பள்ளிபாளையம், எடப்பாடி, ஜலகண்டாபுரம் போன்ற தறி ஊர்களில் ஷிப்ட் முடித்து வருபவருக்கு நாற்பது நிமிட ஆட்டம் பொருந்திவந்தது. திருவிழாவை ஒட்டிய இரவுப் போட்டி, டியூப் லைட் வெளிச்சம், மைக்கில் ஊர்ப்பெயர் சொல்லி அழைக்கும் அறிவிப்பாளர் என்று அதற்கு ஒரு தனி மேடை அமைந்தது. 1950இல் அகில இந்தியக் கூட்டமைப்பு உருவாகி, 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் பதக்க ஆட்டமாகவும் ஆனபோது கபடி என்ற பெயரும் ஒரே விதியும் எல்லா ஊருக்கும் வந்தன. பாடிப்போகிறவர் வாயில் இருந்த வட்டாரப் பாட்டுகள் போய், ‘கபடி கபடி’ மட்டும் எஞ்சியது. 2014இல் தொடங்கிய புரோ கபடி லீக்கும் 2017இல் அதில் சேர்ந்த தமிழ் தலைவாஸும் ஆட்டத்தைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுபோயின.

இவ்வளவு சாதகம் இருந்தும் கபடியைக் கிரிக்கெட் தாண்டிச் சென்றது ஏன் என்பதே இந்த வட்டாரத்தில் கேட்கத் தகுந்த கேள்வி. அமெரிக்காவில் கால்பந்து ஏன் பெருவிளையாட்டாகவில்லை என்று ஆராய்ந்த ஆண்ட்ரே மார்க்கோவிட்ஸ், ஒரு சமூகத்தின் கவனத்தில் இடம் குறைவு, முதலில் வந்தது அதை அடைத்துக்கொள்கிறது என்று வாதிட்டார். சேலத்துக்கு அது பொருந்தவில்லை. இங்கே முதலில் வந்தது பின்னுக்குப் போயிருக்கிறது.

கிரிக்கெட் வந்த பாதை நீண்டது. 1846இல் தொடங்கிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் வெள்ளையருக்கானது. மாகாணத்தின் பள்ளிகளுக்குப் புதிய ஆட்டங்களைக் கொண்டுபோனதில் ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரிக்குப் பெரும் பங்கு உண்டு. அங்கே பயின்ற உடற்பயிற்சி ஆசிரியர்கள் வழியாக ஊர்ப் பள்ளிகளில் ஊன்றியவற்றில் வாலிபாலும் ஒன்று. ஒரு வலையும் ஒரு பந்தும் இருந்தால் பன்னிரண்டு பேருக்கு வேலை. கிரிக்கெட்டுக்கோ புல்தரை, கால்காப்பு, கையுறை, தோல் பந்து, ஒரு முழு நாள் வேண்டும். வானம் பார்த்த பூமியில் ஆடுமாடுக்கே புல் கிடைக்காதபோது ஆடுகளத்துக்கு எங்கிருந்து கிடைக்கும்?

அதனால் ஆட்டத்துக்கு முன்பே செய்தி வந்து சேர்ந்தது. சேப்பாக்கத்தில் பொங்கலை ஒட்டி டெஸ்ட் நடந்த காலத்தில் அகில இந்திய வானொலியின் தமிழ் வர்ணனை தேநீர்க் கடைகளுக்கு வந்தது. அப்துல் ஜப்பார் போன்றவர்களின் குரலில், ஒருபோதும் ஆடிப் பார்த்திராத ஆட்டத்தின் ஓட்டக் கணக்கு மனப்பாடமானது. ஒரே தை மாதத்தில் தெருவில் எருது, டிரான்சிஸ்டரில் டெஸ்ட். கிரிக்கெட் ஏராளமாக எண்களை உற்பத்தி செய்கிறது என்பதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. சராசரி, ஸ்கோர், மீதி ஓவர் என்று மறுநாளும் வாதாடப் பொருள் தருகிற ஆட்டம் அது. நல்ல கபடி ஆட்டம் இரவோடு முடிந்துவிடும். 1983 ஜூன் 25 அன்று லார்ட்ஸில் கிடைத்த உலகக் கோப்பையும், பிறகு ஊர்தோறும் பரவிய தொலைக்காட்சியும், தொண்ணூறுகளின் கேபிள் இணைப்பும் இதைப் பல மடங்காக்கின.

ஆனால் பார்த்தவரை ஆடவும் வைத்தது டென்னிஸ் பந்துதான். அதற்குக் கால்காப்பு வேண்டாம். மழை பொய்த்து வறண்ட ஏரி, கடலை பிடுங்கிய காடு, பள்ளி மைதானம் எதுவும் களமாகும். பத்து ஓவர் போட்டி ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பல ஊர் அணிகள் ஆடித் தீர்த்துவிடலாம். நுழைவுக் கட்டணம், முதல் பரிசு முதல் நான்காம் பரிசுவரை, ஒவ்வொன்றுக்கும் ஓர் அன்பளிப்பாளர், சுழற்கோப்பை, நடிகர் படத்தோடு ஃபிளெக்ஸ் என்று கபடிப் போட்டியின் ஏற்பாடு முழுவதையும் அது எடுத்துக்கொண்டது. உடல் வலு குறைந்தவரும் ஏதோ ஒரு மூலையில் பந்து பொறுக்கலாம். முப்பது தாண்டியவரும் முட்டி உடையாமல் ஆடலாம். ஊர் அணி என்று சொன்னாலும் தெரு அணி, காலனி அணி என்று அவை பிரிந்திருப்பதும் உண்மை. சாதி மைதானத்துக்கு வெளியே செருப்போடு நின்றுவிடுவதில்லை. ஆயினும் கோயில் காளைக்கு முதல் மரியாதை யாருக்கு என்ற தகராறு எழும் இடத்தைவிட டாஸ் போட்டுத் தொடங்கும் இடம் புதியவருக்கு எளிது. பெண்களுக்கு அந்த எளிமையும் கிடைக்கவில்லை. அவர்களின் விளையாட்டு பள்ளி மைதானத்து எறிபந்து, கபடியோடு பெரும்பாலும் நின்றுவிட்டது.

இந்த டென்னிஸ் பந்து உலகம் விளைவித்தவர் சின்னப்பம்பட்டி டி. நடராஜன். தந்தை தறிக் கூலி. தாய் சாலையோரம் கோழிக்கறி விற்றவர். டென்னிஸ் பந்து குத்தி எழும்பினால் மட்டையாளருக்கு விருந்து. காலடியில் விழுந்தால்தான் தூக்க முடியாது. பரிசுப் போட்டிகளில் இப்படி உருவான யார்க்கரை, பிறகு சென்னை லீக்கில் தோல் பந்துக்கு அவர் பழக்கினார். 2017 ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. 2020 டிசம்பர் 2இல் கான்பெராவில் ஒருநாள், அடுத்த இரண்டு நாளில் டி20, 2021 ஜனவரி 15இல் பிரிஸ்பேனில் டெஸ்ட் என ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். ஊர் திரும்பியபோது சாரட் வண்டியில் ஏற்றி ஊர்வலம் விட்டார்கள். 2023இல் சொந்த ஊரிலேயே ஒரு மைதானம் அமைத்தார்.

சின்னப்பம்பட்டியைப் போலவே சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த பெரியவடகம்பட்டியின் மாரியப்பன் தங்கவேலு, 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். சாதனை என்று பார்த்தால் சமவெளி கண்ட எந்த விளையாட்டு வீரரையும்விட மேலே நிற்பவர். வரவேற்பு, பரிசுத் தொகை, பத்மஸ்ரீ எல்லாம் வந்தன. ஆயினும் உயரம் தாண்டுதலுக்கு ரசிகர் கூட்டம் பிறக்கவில்லை. மாரியப்பனே பள்ளியில் முதலில் ஆடியது வாலிபால்தான். உடற்பயிற்சி ஆசிரியர்தான் அவரை மாற்றிவிட்டார். வெற்றி வீரரை நேசிக்க வைக்கும். ஆட்டத்தை நேசிக்க, அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் யாராவது யாரையாவது எதிர்த்து ஆட வேண்டும், அதில் பக்கம் எடுக்க இடம் வேண்டும். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும் உயரம் தாண்டுதல் அந்த வகையில் எருதாட்டத்தைவிடவும் அரிய திருவிழா.

பக்கம் எடுப்பதிலும் எல்லை உண்டு. 2020 பிப்ரவரியில் வாழப்பாடி அருகே சேலம் கிரிக்கெட் அறக்கட்டளையின் மைதானம் திறக்கப்பட்டது. நரி ஓடிய வட்டாரத்தில் புல்தரை வந்தது. தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்களும் அங்கே நடந்தன. அந்த லீக்கில் சேலம் ஸ்பார்ட்டன்ஸ் என்ற அணியும் உண்டு. இருந்தும் இந்தப் பகுதியின் கிரிக்கெட் ரசிகர் மஞ்சள் சட்டைதான் வாங்குகிறார். 2008இலிருந்து வரும் சென்னை சூப்பர் கிங்ஸோடு போட்டியிட, பெயரில் மட்டும் சேலத்தை வைத்திருக்கும் அணியால் முடியவில்லை. நடராஜன் ஆடிய நாட்களில் ஹைதராபாத்துக்குக் கைதட்டியவர்கள், அவர் டெல்லிக்குப் போனதும் அந்த அணியின் ஸ்கோரைத் தேடினார்கள்.

களத்தின் நிலையும் மாறிவருகிறது. மேட்டூர் அணையின் உபரிநீரைக் கொண்டு சேலம் மாவட்டத்தின் 100 வறண்ட ஏரிகளை நிரப்பும் 565 கோடி ரூபாய்த் திட்டத்தின் முதல் கட்டம் 2021 பிப்ரவரியில் தொடங்கியது. நீர் சேரும் ஏரியில் உழவருக்குக் கிணறு ஊறும். ஆடுவோருக்குக் களம் போகும். எஞ்சுவது பள்ளி மைதானம், அறுவடை முடிந்த காடு, மணி நேரத்துக்கு வாடகை கேட்கும் வலைகட்டிய செயற்கைப் புல் திடல். அந்தத் திடலில் ஆறு பேர் ஆடலாம்; ஊர் கூடி நின்று பார்க்க இடம் இல்லை.