மானூருக்கு ஒரு பள்ளிச் சுற்றுலா

புளியங்குடி வட்டாரத்துத் தொடக்கப்பள்ளிகள் ஒருநாள் சுற்றுலா புறப்பட்டால் செல்லக்கூடிய வரலாற்று இடங்களுக்குக் குறைவில்லை. நெற்கட்டும்செவலில் பூலித்தேவர் மாளிகை இருக்கிறது. பாஞ்சாலங்குறிச்சியில் கட்டபொம்மன் நினைவுக் கோட்டையும், எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடும் இருக்கின்றன. மூன்றும் பிள்ளைகள் காண வேண்டியவையே. ஆயினும் அவை சொல்வது அந்நிய ஆட்சியை எதிர்த்து நின்றவர்களின் கதை. ஓர் ஊர் தன் காரியங்களைத் தானே எவ்வாறு நடத்திக்கொண்டது என்ற வேறொரு கதையும் உண்டு. அதைச் சொல்லும் கல் ஒன்று நம் பக்கத்திலேயே, சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலி செல்லும் சாலையில், மானூரில் இருக்கிறது.

மக்களாட்சியின் பழைய தடயம் என்றதும் நம் பாடநூல்கள் காட்டுவது உத்திரமேரூரை. அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு, கி.பி. 919லும் 921லும் பொறிக்கப்பட்டவை, குடவோலை முறையை விரிவாகச் சொல்கின்றன. மானூர் அம்பலவாண சுவாமி கோயில் கல்வெட்டு அதற்கும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு மூத்தது. பாண்டியன் மாறஞ்சடையனின் 35ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அதனைக் கி.பி. 800ஐ ஒட்டியதாக அறிஞர்கள் கருதுவர்.

மானூர்ச் சபையார் கூடி, தம் அவையில் யார் அமரலாம் என்று விதி வகுத்ததே இக்கல்வெட்டின் செய்தி. ஊரில் நிலப்பங்கு இருக்க வேண்டும். ஒழுக்கமும் வேதக் கல்வியும் இருக்க வேண்டும். ஒரு பங்குக்கு ஒருவர்தான் அமரலாம். அரை உறுப்பினர், கால் உறுப்பினர் என்று எவரும் கிடையாது. இவற்றைவிடச் சுவையான விதி ஒன்றும் உண்டு. அவையில் எதைச் சொன்னாலும் ‘அன்று, அன்று’ என்று மறுத்து, காரியம் நடக்கவொட்டாமல் முட்டுக்கட்டை போடுவோரும் அவர்களுக்குத் துணை நிற்போரும் ஒவ்வொரு முறைக்கும் ஐந்து காசு தண்டம் கட்ட வேண்டும். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் ஊரவைகளில் கூச்சல் இருந்திருக்கிறது. அதைக் கட்டுப்படுத்த வழி தேடியும் இருக்கிறார்கள். அந்த விதி கூச்சலை மட்டும் அடக்கியதா, நியாயமான மறுப்பையும் சேர்த்து அடக்கியதா என்பது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளும் விவாதிக்கத்தக்க கேள்வி.

உத்திரமேரூர்க் கல்வெட்டிலோ பிள்ளைகளுக்கென்றே ஓர் இடம் இருக்கிறது. ஊரின் முப்பது குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்படும். நம்பிமாருள் மூத்தவர் குடத்தை எல்லோரும் காண எடுத்து நிற்பார். விவரமறியாத சிறுவன் ஒருவனை அழைத்து ஓர் ஓலையை எடுக்கச் சொல்வார்கள். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில்தான் ஏற்க வேண்டும். பின் உரக்கப் படிக்க வேண்டும். எந்தப் பெயர் வர வேண்டும் என்ற எண்ணமே இல்லாத கை சிறுவனுடையது. எதையும் ஒளிக்க முடியாத கை மத்தியஸ்தனுடையது. நல்லெண்ணத்தை நம்பியிராமல் முறையை நம்பியவர்கள் அவர்கள். முந்தைய மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் வர இயலாது என்பதும், கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் இடமில்லை என்பதும் அதே சிந்தனையின் நீட்சி.

ஓலையும் குடமும் சோழர் காலத்தில் புதிதாகத் தோன்றியவை அல்ல. அகநானூற்றின் 77ஆம் பாடலில் மருதன் இளநாகனார், பாலை நிலத்தில் வீழ்ந்து கிடப்போரின் குடரைக் கழுகுகள் பிடுங்கும் காட்சிக்கு, கயிற்றால் கட்டி முத்திரையிட்ட குடத்தைத் திறந்து ஓலைகளை வெளியே எடுப்பதை உவமையாக்குகிறார். கேட்டவுடன் விளங்குவதே உவமை. ஆகவே சங்ககாலக் கேட்போருக்கு அந்தக் குடம் பழகிய பொருளாகவே இருந்திருக்க வேண்டும்.

இத்தனையும் பெருமைதான். ஆனால் பெருமையோடு நிறுத்திவிட்டால் பிள்ளைகளுக்கு வரலாற்றில் பாதியை மட்டுமே கற்பித்தவர்களாவோம். 921ஆம் ஆண்டு விதிப்படி குடத்துக்குள் யார் பெயர் விழ முடியும்? பொதுவிதியாக, கால்வேலி இறைநிலம் உடையவர், சொந்த மனையில் வீடு கட்டியவர், முப்பத்தைந்துக்கும் எழுபதுக்கும் இடைப்பட்ட வயதினர், வேதம் கற்றவர். அது ஒரு பிராமண ஊரின் சபை. நிலத்தை உழுதவர் பெயர் அதில் இல்லை. பெண்கள் பெயர் இல்லை. அந்தக் குடத்தை வனைந்த குயவரின் பெயர்கூட அதற்குள் விழ வழியில்லை. ஏதென்சு நகரத்தாரும் பதவிகளுக்குச் சீட்டெடுத்தார்கள். அங்கும் பெண்களுக்கும் அடிமைகளுக்கும் இடமிருக்கவில்லை. முறை நேர்த்தியாக இருப்பது ஒன்று. அதற்குள் யார் யார் இருக்கிறார்கள் என்பது வேறு.

அந்த வாசல் திறக்க ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1920இல் சென்னை மாகாணச் சட்டமன்றத் தேர்தல் நடந்தபோதும் வாக்குரிமை சொத்து உடையவர்களுக்கே உரியதாக இருந்தது. நிலமும் எழுத்தறிவும் கேளாமல், ஆண் பெண் பாராமல், வயது வந்த அனைவரையும் அழைத்த முதல் பொதுத்தேர்தல் 1951-52இல்தான் நடந்தது. அதன் பிறகும் தடைகள் முற்றாக நீங்கிவிடவில்லை. 1996இல் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் 2006 அக்டோபர் வரை முறையான தலைவர் ஒருவர் நிலைத்துப் பணியாற்ற இயலவில்லை. மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997 சூன் 30 அன்று கொல்லப்பட்டார். இவற்றைத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் விவரிக்க வேண்டியதில்லை. அவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர் மறவாதிருந்தால் போதும்.

பிள்ளைகளிடம் வேறு விதமாகச் சொல்லலாம். கோயில் வெளியில் ஒரு மண்குடத்தை வைத்து, ஆளுக்கொரு சீட்டைக் கொடுக்கலாம். உழவர், நெசவாளர், குயவர், விதவை, வேதம் கற்ற நிலக்கிழார் என்று ஒவ்வொரு சீட்டிலும் ஒரு பாத்திரம். பிள்ளைகளின் சொந்தக் குடும்பத்தை இதில் இழுக்கவே கூடாது. நிலமில்லாத வீட்டுப் பிள்ளை யார் என்று வகுப்பறியச் செய்வது பழைய விதியை மீண்டும் நடைமுறைப்படுத்துவதே ஆகும். விதிகளை ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்க, பொருந்தாத சீட்டு வைத்திருப்பவர்கள் விலகி நிற்கட்டும். இறுதியில் குடத்தருகே இருவரோ மூவரோதான் எஞ்சுவர். “ஏன் சார் நாங்க வரக்கூடாது?” என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால், அன்றைய பாடம் நடந்துவிட்டது.

திரும்பும் வழியில் இன்னோர் இடத்தையும் பார்க்க வேண்டும். அது வரலாற்றுக் கட்டடம் அன்று. புளியங்குடி நகராட்சி அலுவலகம். தமிழகத்தின் நகராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது; அடுத்த தேர்தல் நடந்ததோ 2022 பிப்ரவரி 19 அன்று. முன்னதில் முதல் வகுப்பில் இருந்த குழந்தை பின்னதில் ஆறாம் வகுப்பில் இருந்தது. ஒரு குழந்தையின் தொடக்கப்பள்ளிக் காலம் முழுவதும் ஊரில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. உத்திரமேரூரார் ஆண்டுதோறும் வாரியம் மாற வேண்டும் என்று கல்லில் எழுதி வைத்தவர்கள். அவர்கள் அறியாத சமத்துவத்தை நம் சட்டம் அறிந்திருக்கிறது. அவர்கள் காத்த காலக்கெடுவை நாம் தவறவிட்டோம்.

இவ்விரண்டையும் ஒரே நாளில் காணும் பிள்ளை, மக்களாட்சியை முன்னோர் முடித்து வைத்துவிட்டுப் போன கட்டடமாக எண்ணாது. தன் பெயரும் விழ வேண்டிய குடம் அது என்று அறியும். அதைக் காலந்தவறாமல் திறக்கச் சொல்லிக் கேட்கும் உரிமையும் தனக்கு உண்டு என்று அறியும்.