பாம்பன் பாலமும் அளவுகருவியும்

தாம்பரத்தைக் கடந்து ஊரப்பாக்கத்தின் வழியே தெற்கு நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில் இராமேசுவரம் விரைவு வண்டிகள் ஓடுகின்றன. 1914 முதல் 1964 வரை, இலங்கைக்குப் போவோரை ஏற்றிய போட் மெயிலும் இவ்வழியே தனுஷ்கோடிக்கு ஓடியது. அந்த வழியில், நிலத்தின்மேல் ஓடிய வண்டி கடலின்மேல் ஓடும் இடம் ஒன்று உண்டு. அதுவே பாம்பன் பாலம். ஒரு பாலத்தின் உறுதியை மனிதன் எவ்வாறு அறிகின்றான் என்னும் வினாவுக்கு அதன் வரலாறு விடை கூறுகின்றது.

1914 பிப்ரவரி 24இல் திறக்கப்பெற்ற பழைய பாலம் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளமுடையது. கப்பல்களுக்கு வழிவிட ஷெர்ஸர் முறைத் தூக்குப் பாலம் ஒன்றும் அதில் அமைந்திருந்தது. வண்டியின் எடை, காற்றின் அழுத்தம், இரும்பின் வலிமை ஆகியவற்றைக் கணக்கிட்டே இத்தகைய பாலங்களைக் கட்டுவர். எனினும் அக்கணக்கு, பிறந்த நாளில் எழுதிய சாதகம் போன்றது. உப்புக்காற்று இரும்பை எவ்வளவு அரித்துவிட்டது என்பதை அது கூறாது.

1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய பெரும்புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அவ்வூரை நெருங்கிய பயணிகள் வண்டி ஒன்றைக் கடல் கொண்டது. பாலத்தின் கர்டர்களில் பெரும்பாலானவை வீழ்ந்தன. ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் பாலம் மீண்டும் எழுந்தது. காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் வண்டி பாலத்தில் ஏறலாகாது என்பது பின்னாளில் நிலவிய விதி. காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கேற்ப உயர்வது. வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும். கருவி வேகத்தை மட்டுமே சொல்லும். அதன் பொருளைச் சொல்வது பௌதிக விதி.

காற்று வெளிப்பகை, துரு உட்பகை. அதனை அறிவது எங்ஙனம்? இழுத்தால் கம்பியின் மின்தடை மாறும் என்ற உண்மையைக் கொண்டு, 1938இல் அமெரிக்காவில் ஒரு நுண்கருவி தோன்றியது. இரும்பின்மேல் ஒட்டிவைத்தால், அதன் நீட்சியை அது காட்டிவிடும்.

ஓர் உதாரணம் கொள்வோம். ஒரு மீட்டர் நீளமுள்ள எஃகுச் சட்டம், குறித்த எடையுள்ள வண்டி ஏறும்போது 0.5 மில்லிமீட்டர் நீள வேண்டும் என்கிறது கணக்கு. கருவியோ 0.6 என்கிறது. அப்படியாயின், சட்டத்தின் பருமனில் ஆறில் ஒரு பங்கைத் துரு தின்றிருக்கலாம். அல்லது அடுத்த சட்டம் தன் சுமையை இதன்மேல் தள்ளியிருக்கலாம். ஆனால் அவசரம் கூடாது. வெப்பம் 10 டிகிரி ஏறினாலே, தடையின்றி விரியும் அதே சட்டம் சுமார் 0.12 மில்லிமீட்டர் நீளும்! ஆகவே வெப்பத்தையும் உடன் அளந்து கழித்த பிறகே, எஞ்சும் வேறுபாட்டைப் பழுது என்று ஐயுறலாம்.

இம்முறை பாம்பனிலும் பயன்பட்டது. 2018 டிசம்பரில் தூக்குப் பாலத்தில் விரிசல் காணப்பட்டுப் போக்குவரத்து சில மாதங்கள் நின்றது. பின்னர்ச் சென்னை ஐ.ஐ.டி. அறிஞர்கள் அமைத்த உணர்கருவிகள் பாலத்தைக் கண்காணித்தன. 2022 டிசம்பர் 23இல் அவை எச்சரிக்கை தரவே, வண்டிகள் நிறுத்தப்பெற்றன. பயணிகள் மண்டபத்தில் இறங்கிச் சாலை வழியே தீவுக்குச் செல்ல நேர்ந்தது. பழைய பாலத்தில் பயணிகள் வண்டி மீண்டும் ஓடவில்லை. அருகே எழுந்த புதிய பாலம் 2025 ஏப்ரல் 6இல் திறக்கப்பெற்றது.

இறங்கி நடந்தவர்களுக்கு அது தொல்லையாகவே தோன்றியிருக்கும். ஆயினும் 1964இல் அழிவுக்குப் பின்னரே நாம் ஆபத்தை அறிந்தோம். 2022இல் அழிவுக்கு முன்னரே அறிந்தோம். இடைப்பட்ட காலத்தில் இரும்பு மாறவில்லை, கடலும் மாறவில்லை. கணக்கையும் அளவையும் அருகருகே வைத்துப் பார்க்க மனிதன் கற்றுக்கொண்டான். மாணவர்கள் வகுப்பில் படிக்கும் ஹூக்கின் விதி, அத்தகைய கணக்கின் அடிப்படையே என்பதை மறவாதிருப்பார்களாக.